மெஷினுக்குப் பால்

குட்டி வயிற்றுக்கு ஓம வாட்டர் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கதை பாதியில் யாராவது கண்டுபிடித்து, இந்தப் பிரமு பெரிய யோக்கியம் மாதிரிப் பேசினாளே என்பீர்கள். நான் யோக்கியமும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். இருபத்து மூன்று வருஷ சர்வீஸ். ஆஸ்பத்திரி பேரைக் கேட்காதீர்கள், நான் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

குறைமாதத்தில் பிறக்கிற பிள்ளைக்கு எந்தப் பால் ஒத்துக்கொள்ளும் என்பதை முன்பெல்லாம் கொடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிறு உப்பும், குடல் புண்ணாகும், சில பிள்ளைகள் தங்காது. இப்போது அப்படி இல்லை. பிள்ளை பிறந்ததும் போகிற கருப்பு மலத்திலிருந்து குடல் செல்களைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்க்கிறோம். நாலே நாளில் அது அந்தப் பிள்ளையின் குடல் மாதிரியே நடந்துகொள்ளும். சுருங்கும், விரியும், சுரக்கும், கிருமிகள்கூட அதில் குடியேறும். இதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் உண்டு. நாங்கள் குட்டி வயிறு என்போம், வார்டில் எல்லோருக்கும் அது வெறும் மெஷின்.

பிள்ளை ஒன்றுக்குக் குழாய் மூன்று. ஒன்று தாய்ப்பால் குடிக்கும், இன்னொன்று பவுடர் பால் குடிக்கும், மூன்றாவது அவசரத்துக்கு. தினமும் காலையில் குட்டி வயிறுதான் முதலில் குடிக்கும். இரண்டு மணி நேரம் கழித்து, பாலில் இருந்த புரதத்தில் நூற்றுக்கு எத்தனை செரித்தது என்று ஓர் எண் சொல்லும். மூன்று நாள் தொடர்ந்து எழுபதுக்குக் கீழே போனால் அந்தப் பாலை நிறுத்திவிட வேண்டும். வார்டு நடையில் பெரிய போர்டு ஒன்று உண்டு. அம்மா பேர், அதற்கு நேரே தாய்ப்பால் எண், பவுடர் எண். அதில் தினமும் எண் போடுவது என் வேலை.

லேபில் நாங்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் பிள்ளை பெற்றவர்கள். கண்ணாடிக்குள் விரல் நீளத்தில் ஒன்று கிடந்து சுருங்கி விரிந்தால் எங்களுக்கு அது மெஷினாகத் தெரியாது. ஒவ்வொரு குழாயிலும் கண்மையில் ஒரு திருஷ்டிப் பொட்டு இருக்கும். யார் வைத்தது என்று டாக்டர் ஹெப்சிபா கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. முப்பிடாதி பிள்ளையின் தாய்ப்பால் குழாயில் முதல் நாள் குமிழ் குமிழாக வாயு வந்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன். கைப்பையில் பேரப்பிள்ளைக்கு வாங்கின ஓம வாட்டர் இருந்தது. இரண்டே சொட்டு. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முப்பிடாதிக்கு இருபத்திரண்டு வயது. சங்கரன்கோவில் பக்கம் பூ விவசாயக் குடும்பத்தில் வாக்கப்பட்டவள், புருஷன் திருப்பூரில். எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு ஆண் பிள்ளை, ஒரு கிலோ முந்நூற்று எண்பது கிராம். அழக்கூடத் தெம்பில்லாத பிள்ளை. நான் சாம்பிள் பாட்டில் கொடுக்கப் போகும்போதெல்லாம் "எக்கா, பத்து மில்லியா கேக்கிய?" என்பாள். மஞ்சள் மூடி போட்ட சின்ன பாட்டில் அது, பத்து மில்லிக்குக் கோடு போட்டிருக்கும். "ஆமா, அந்தக் கோடு வரைக்கும் வேணும், இல்லன்னா மெஷின் எடுக்காது" என்பேன். காலையில் எல்லாத் தாய்மாரும் பாட்டிலை வார்டு வாசல் தட்டில் வைத்துவிடுவார்கள், நான் அள்ளிக்கொண்டு வருவேன்.

முப்பிடாதிக்கு நேரே அறுபத்தொன்று வந்தது. மறுநாளும் அறுபத்தொன்று. மூன்றாம் நாளும் அதுவே. பவுடர் பால் தொண்ணூற்றொன்று. 'நிறுத்தம்' என்கிற சிவப்புச் சீட்டை அவள் பேருக்கு நேரே ஒட்டியதும் நான்தான். அவள் நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சீட்டு ஒட்டுவதும் புதிதல்ல. மெஷின் வந்த நாள் முதலாக, எட்டு மாதமாக, எங்கள் போர்டில் தாய்ப்பால் தோற்றுக்கொண்டுதான் இருந்தது.

ஆறு நாள் கழித்து டாக்டர் ஹெப்சிபா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பொதுவாக அவர் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறவர். அன்றைக்கு உட்கார்ந்திருந்தார்.

"பிரமு, இந்தப் பிள்ளையோட எடையைப் பாருங்க. தாய்ப்பால் குடிச்சப்ப ஒரு நாளைக்கு இருபது கிராம் ஏறியிருக்கு. பவுடருக்கு மாத்தி ஆறு நாளாச்சு, ஒரு கிராம் ஏறல. வயிறு வேற லேசா உப்புது. மெஷின் சொல்றது நேர் எதிரா இருக்கு."

"மெஷின் தப்பா சொல்லுதோ, மேடம்?"

"மெட்ராஸ்ல இருந்து வந்து மூணு தடவை சோதிச்சுட்டாங்க. மெஷின் சரி." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பவுடருக்கு நல்ல மார்க் வர்றது எனக்குப் புரியுது. அந்தப் புரதத்தைக் கம்பெனியிலயே பாதி நொறுக்கித்தான் டப்பால அடைக்கிறாங்க. குடலுக்குப் பெரிசா வேலை இல்ல. தாய்ப்பால் அப்படி இல்ல. அதுல சில புரதம் செரிக்கவே செரிக்காது, செரிக்கவும் கூடாது. முழுசாக் குடலுக்குப் போய் நின்னு கிருமி வராம காவல் காக்கும். மெஷின் அதையும் செரிக்காததுன்னுதான் எண்ணும்."

"அப்ப தாய்ப்பாலுக்குக் கொறையத்தான செய்யும்?"

"கொஞ்சம் குறையும். அதுக்கு இடம் விட்டுத்தான் எழுபதுன்னு வச்சோம். அறுபத்தொண்ணு வரக் காரணமே இல்ல. எட்டு மாசக் கணக்கு முழுக்க இப்படித்தான் இருக்கு. திங்கக்கிழமை மெட்ராஸ்ல மீட்டிங். இந்தக் கணக்கை வச்சு எல்லா மாவட்டத்துலயும் இந்தத் திட்டத்தைக் கொண்டு வரப் போறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல பிரமு."

எட்டு மாதத்துக்கு நான் பொறுப்பில்லை, ஆனால் இந்தப் பிள்ளைக்கு நான்தானே. ஓமத்தின் காரம் குழாயில் இருந்த நல்ல கிருமிகளைக் கொன்றிருக்கும், அதனால்தான் தாய்ப்பால் செரிக்கவில்லை என்று எனக்கு நானே முடிவு கட்டிவிட்டேன். சொல்லிவிட்டேன். ஓம வாட்டர், இரண்டு சொட்டு, முதல் நாள்.

டாக்டர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "மெஷினுக்கு ஓம வாட்டர் குடுத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து, "அந்த மூணாவது குழாய்ல யாரும் கை வைக்கலையே? அவளோட பழைய சாம்பிள் ஃப்ரீசர்ல இருக்கும். போடுங்க" என்றார்.

போட்டேன். ஓமம் படாத, பொட்டுகூட வைக்காத சுத்தமான குட்டி வயிறு. இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். என் தப்பால்தான் என்று வந்தால் வேலை போகும், வராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அம்மா பாலே கிடையாது. எது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றி வேண்டிக்கொண்டேன்.

அறுபத்தொன்று.

டீ குடித்தால் தேவலை போலிருந்தது. கேன்டீனில் அன்றைக்கு கேஸ் தீர்ந்துவிட்டது என்றார்கள். வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரோட்டைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் நான் கால் வைத்ததில்லை. ஐகோர்ட் அண்ணாச்சி டீக்கடை என்று போர்டு இருந்தது. அப்படிப் பேர் வைப்பது எங்கள் பக்கம் உண்டு. அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும், தோளில் துண்டு.

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் என் கையைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். லேபிலிருந்து ஒரு காலி சாம்பிள் பாட்டிலைக் கையிலேயே கொண்டு வந்திருக்கிறேன், மஞ்சள் மூடி.

"டீயா, மெஷினுக்கா?" என்றார் அண்ணாச்சி.

"என்னது?"

"பாலும்மா. டீ போடவா, மெஷினுக்கு ஊத்தவா?" பதிலுக்குக் காத்திருக்காமல் பாட்டிலை வாங்கி, கொதிக்கிற பால் சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கோடு வரைக்கும் ஊற்றினார். கொஞ்சம் வெந்நீர் சேர்த்தார். மூடியைத் திருகிக்கொண்டே, "ரொம்பக் கெட்டியா இருந்தா கண்டுபிடிச்சிருவாங்க. ஆற வச்சுக் குடுங்க. புதுசா வந்திருக்கியளோ? எத்தனையாவது மாசத்துல பொறந்துது?" என்றார்.

"என் மகளுக்கு" என்று ஏதோ உளறினேன். "எத்தன நாளா குடுக்கிய, அண்ணாச்சி?"

"ஏழெட்டு மாசம் இருக்கும். மொத மொத ஒரு பிள்ள அழுதுக்கிட்டே வந்து நின்னா. எனக்கு ஊறுறதே இருபது மில்லி, அதுல பாதிய மெஷினுக்குக் கேக்காங்க, பிள்ளைக்கு என்னத்தக் குடுக்கன்னு கேட்டா. எனக்கும் நாயமாத்தான் பட்டுது. அப்பறம் ஒருத்தி சொல்லி ஒருத்தி வாரா. பிள்ள பெத்தவகிட்ட துட்டு வாங்க மாட்டேன். நீங்க டீ குடிக்கியளா?"

குடிக்கவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் வயதுக்கு அப்படி ஓடியிருக்கக் கூடாது.

அந்தப் பாலையும் மெஷினில் போட்டோம். டாக்டர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணி நேரத்தில் எண் வந்தது. அறுபத்தொன்று. எட்டு மாதமாக நாங்கள் தாய்ப்பாலைப் பவுடரோடு ஒப்பிடவே இல்லை. தண்ணீர் கலந்து கொதித்த மாட்டுப் பாலை, டப்பாவில் அடைத்த மாட்டுப் பாலோடு ஒப்பிட்டிருக்கிறோம். குட்டி வயிற்றின் மேல் குற்றமே இல்லை. எவ்வளவு செரித்தது என்றுதான் அதைக் கேட்டோம், யாருடைய பால் என்று கேட்கவே இல்லை.

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "இன்னைக்கே மெட்ராசுக்கு எழுதுறேன். கணக்கு முழுக்கத் தப்பு, வாபஸ் வாங்குறேன்னு. என்னைக் கிழிப்பாங்க, கிழிக்கட்டும்" என்றார்.

"முப்பிடாதிக்கு நிறுத்தத்த எடுத்துருவோமா, மேடம்?"

"எழுபதுக்கு மேல ஓர் எண் இல்லாம சிஸ்டம் எடுக்க விடாது. எனக்கும் பயமா இருக்கு பிரமு. நிஜமாவே அவ பால் அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கலைன்னா? நமக்குத் தெரியாதே. ஒரு தடவைகூட அளக்கலையே. பத்து மில்லி நிஜப் பால் கொண்டு வாங்க. எண்ணைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

வார்டுக்குப் போனேன். நாலைந்து நாளாகவே அந்த வார்டில் மல்லிகை வாசம் தூக்கலாக இருந்தது. பார்க்க வருகிறவர்கள் தலையில் வைத்து வருகிற பூ என்று நினைத்திருந்தேன். முப்பிடாதி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலையில் ஒற்றைப் பூ இல்லை. வாசம் மட்டும் அவளிடமிருந்துதான் வந்தது.

"ஏட்டி, எந்திரி. பூ எங்க வச்சிருக்க?"

அவள் நைட்டியின் மேலே கையை வைத்துக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. பால் வற்ற வேண்டுமானால் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை செத்துப் போனவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள்.

"யாரு கட்டச் சொன்னா?"

"மதினி கொண்டு வந்தா. தோட்டத்துப் பூ. நீங்கதானக்கா நிறுத்தச் சொல்லிச் சீட்டு ஒட்டுனிய. ஒதவாத பால வச்சுக்கிட்டு வலியில கெடக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. "நீ மெஷினுக்குக் குடுத்தது ஒம் பாலே இல்லையேட்டி. ஐகோர்ட் அண்ணாச்சி கடைப் பாலு. எனக்கு எல்லாம் தெரியும்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "கேஸ் போடுவியளா?"

"நான் என்ன போலீஸா? கேக்கதுக்குப் பதில் சொல்லு. அது கடைப் பாலுன்னு ஒனக்குத் தெரியும்லா? பின்ன அறுபத்தொண்ணுன்னு வந்தா ஒனக்கு என்ன? நீபாட்டுக்கு ஒளிச்சு வச்சுக் குடுத்திருக்க வேண்டியதுதான?"

முப்பிடாதி எழுந்து உட்கார்ந்தாள்.

"தெரியும்க்கா. மொத நாளு போர்டப் பாத்துச் சிரிச்சேன். மெஷினு ஏமாந்துட்டுன்னு. ரெண்டாம் நாளும் எம் பேருக்கு நேரா அறுபத்தொண்ணு. போறவ வாறவ எல்லாம் பாக்கா. மூணாம் நாளு எனக்கே சந்தேகமாப் போச்சு. நல்ல ஒடம்பா இருந்தா எம் பிள்ள ஏன் எட்டாம் மாசமே வரணும்? எம் பால அளந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்னு தோணிச்சு. அதுக்கப்பறம் குடுக்கக் கை வரலக்கா. பயந்துட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. அந்த எண்ணை போர்டில் போட்டது என் கை.

திரையை இழுத்துவிட்டுக் கட்டைப் பிரித்தோம். வாடிக் கருத்த பூ ஒரு குத்து வந்தது. வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிழிந்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு பக்கம் வரவே இல்லை. மறுபக்கம் சொட்டுச் சொட்டாக வந்ததெல்லாம் சேர்ந்து ஆறு மில்லி. கோட்டுக்குக் கீழே நின்றது.

முப்பிடாதி பாட்டிலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மெஷினுக்கா, பிள்ளைக்கா?"

பத்து இல்லாமல் மெஷின் எடுக்காது. அடுத்த வேளை பிழிந்து சேர்க்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள், எனக்கும் தோன்றியது. அடுத்த வேளை ஊறுமா, ஊறாதா? டாக்டர் சொன்னதும் மனதில் ஓடியது, ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது. இருபத்து மூன்று வருஷமாக நான் எதையும் அளக்காமல் நம்பியதில்லை. அன்றைக்கு அந்த எடைச் சீட்டு ஒன்றுதான் என் கையில் இருந்தது, ஒரு நாளைக்கு இருபது கிராம்.

"பிள்ளைக்கு" என்றேன். "போ. நர்ஸ் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. போர்ட நான் பாத்துக்கிடுதேன்."

அவள் பாலாடையில், அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், பாலை ஊற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குழந்தைகள் அறைக்குப் போனாள். நான் லேபுக்கு வந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம், யாரும் இல்லை. ஒரு புது மஞ்சள் மூடி பாட்டிலை எடுத்து முப்பிடாதி பேரை எழுதினேன். பவுடர் பாலைக் கோடு வரைக்கும் ஊற்றினேன். குட்டி வயிறு ஒன்றும் கேட்காமல் குடித்தது.

டாக்டர் வந்தபோது இரண்டு எண்ணும் திரையில் இருந்தன.

"பவுடர்?"

"தொண்ணூத்தொண்ணு, மேடம்."

"தாய்ப்பால்?"

"தொண்ணூத்தொண்ணு."

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தாய்ப்பாலுக்குக் கொஞ்சம் குறையத்தான் செய்யும் என்று காலையில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். பிறகு என்னைப் பார்த்தார். "ஓம வாட்டர் எதுவும் குடுக்கலையே?" என்றார்.

"இல்ல, மேடம்."

கையெழுத்துப் போட்டார். போர்டில் சிவப்புச் சீட்டைக் கிழித்துவிட்டு, தொண்ணூற்றொன்று என்று பெரிதாக எழுதினேன்.

அதற்குப் பிறகு சாம்பிளை நர்ஸ் முன்னால் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மெஷினுக்கு இரண்டு மில்லி போதும்படி மாற்றிக் கொடுத்தார்கள். அதை எட்டு மாதம் முன்பே செய்திருக்கலாம். முப்பிடாதியிடம் மட்டும் நான் சாம்பிள் கேட்கவில்லை. அவளுக்குப் பால் முழுதாகத் திரும்பவும் இல்லை. பூ தன் வேலையைப் பாதி செய்துவிட்டிருந்தது. பிள்ளை பாதி அவள் பாலும் பாதி பவுடருமாகக் குடித்து, மெல்ல எடை ஏறினான். எதனால் ஏறினான் என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் அவரைக் கேட்டேன். அவளுடைய பாலின் உண்மையான எண் என்னவென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

ஒரு கிலோ எண்ணூறு வந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். புறப்படுகிற அன்றைக்குப் பிள்ளையை மதினியிடம் கொடுத்துவிட்டு முப்பிடாதி லேப் வாசலுக்கு வந்து நின்றாள்.

"எக்கா, அந்தத் தொண்ணூத்தொண்ணு வந்த சீட்டு ஒண்ணு தாரியளா? வீட்டுக்குக் கொண்டு போக."

நான் குரலைத் தாழ்த்தினேன். "ஏட்டி, அன்னைக்கு வந்தது ஆறு மில்லி. அத ஒம் பிள்ளதான் குடிச்சான். மெஷின் எதக் குடிச்சுதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா" என்றாள். "இருந்தாலும் தாங்க."

அச்சடித்துக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து, பூ வைத்துக் கட்டியிருந்த இடத்தில் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போனாள்.